வேஷம் கட்டின எழுத்து

ஜன்னலோர சீட்டு கிடைத்ததற்கு நான் எதற்குச் சந்தோஷப்பட வேண்டும், ஏதோ வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறவள் மாதிரி. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. காற்று வரும். காற்றை வைத்தே பழங்காநத்தம் எது, பைக்காரா எது என்று சொல்லிவிடுவேன், கண்டக்டரின் தொண்டையை நம்பி நான் இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருநகர் ரெண்டாவது ஸ்டாப்புக்கு முப்பத்தைந்து நிமிஷம். இப்போது மணி ஐந்தே கால், ஆபீசிலிருந்து கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிட்டேன், நூர்ஜஹான் மேடம் ஏன் என்று கேட்கவில்லை, அவர் இப்போதெல்லாம் என்னிடம் எதுவுமே கேட்பதில்லை. கைப்பைக்குள் போன் இருக்கிறது. போனுக்குள் ஒரு வரி இருக்கிறது. தம்பி எழுதிய வரி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுத்து, வெளுத்து, என் போன் வாசிக்கிற மாதிரி ஆக்கி வைத்துவிட்டேன். ஒரு தட்டு தட்டினால் போதும், வாசித்துவிடும். தட்டவில்லை. பஸ்ஸில் ஏறியதும் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். ஏறியாயிற்று. டிக்கெட் வாங்கியதும் கேட்கலாம். வாங்கியாயிற்று. பக்கத்தில் ஒரு அம்மாள் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், ஈரம் என் புடவையில் படுகிறது, இவள் எழுந்து போகட்டும், அப்புறம் கேட்கலாம். தமயந்தி, உனக்குச் சாக்கா கிடைக்காது.

அவன்தான் இந்தப் போனை வாங்கிக்கொடுத்து எல்லாம் செட் பண்ணினான். ஜெகதீசன், ஜெகா, என்னைவிடப் பத்து வயது சின்னவன். ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில் டிசைனர், அவனும் அவன் கூட்டாளி சகாயமும் சேர்ந்து நடத்தினார்கள். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அவன் கையால்தான் இந்த ஏரியாவில் தொங்கியது. எழுத்துக்கு நகை போடுவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். என் போனில் எல்லாருடைய பேரையும் பதிந்துவிட்டு, தன் பேரை மட்டும் எங்கிருந்தோ எடுத்து வந்த சிங்கார எழுத்தில் போட்டான். இது ரெட்டைக் கோடு போட்ட எழுத்துக்கா, உள்ள காலியா இருக்கும், அஸ்திவாரம் மட்டும் போட்ட வீடு மாதிரி. இது சுழிச்சுச் சுழிச்சுப் போகும், முறுக்கு பிழிஞ்சாப்ல. இது கறுகறுன்னு பழைய சர்ச்சு எழுத்து. எனக்கு எதற்குடா இதெல்லாம் என்றேன். கெத்தா இருக்கட்டும்க்கா என்றான். தமிழில் போடேன் என்றதற்கு, தமிழ் எழுத்து மசிய மாட்டேங்குதுக்கா, இங்கிலீஷ் எழுத்துதான் வேஷம் கட்டுது, அதனால தமிழை இங்கிலீஷ்ல எழுதி அதுக்கு வேஷம் கட்டணும் என்றான். அன்றைக்குப் பக்கத்து அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டுப் பார்த்தான். என் போன் யார் கூப்பிட்டாலும் பேரைச் சொல்லும்: அம்மா அழைக்கிறார், நூர்ஜஹான் மேடம் அழைக்கிறார். அவன் கூப்பிட்டபோது ஒரு சின்ன நிசப்தம், அப்புறம், அழைக்கிறார். அவ்வளவுதான். பேர் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. என்னடா, உன் பேரை முழுங்கிருச்சு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். அதில் ஒரு எழுத்துகூட எழுத்தே இல்லையாம், என் போனின் குரலுக்கு அது சிமெண்ட் பூசின சுவர். மாத்திரவாக்கா என்றான். வேண்டாம் என்றேன். உலகத்தில் எல்லாருக்கும் பேர் இருக்கிறது, பேரில்லாமல் கூப்பிடுகிறவன் நீ ஒருத்தன்தான், நல்ல அடையாளம்தானே, இருக்கட்டும். நான்தான் சொன்னேன், இருக்கட்டும் என்று. இந்த மூன்று மாதமாக ஒவ்வொரு போன் வரும்போதும் அந்தக் குரல் வாயைத் திறப்பதற்குள் ஒரு இமைப்பொழுது இடைவெளி இருக்கிறதே, அதில் நான் செத்துப் பிழைக்கிறேன். அப்புறம் ஏதாவது ஒரு பேர் வந்துவிடும்.

மூன்று மாதம். அக்டோபரில் ஒரு மழைநாள் சாயங்காலம் பசுமலை இறக்கத்தில் நடுரோட்டு சிமெண்ட் தடுப்பில் வண்டியோடு மோதினான். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்பே போய்விட்டான். துக்கத்துக்கு வந்த ஒருவர், என் முதுகுக்குப் பின்னால்தான், கண்ணு தெரியாதவளுக்குக் காதும் கேட்காது என்று இந்த ஊரில் பாதிப் பேருக்கு எண்ணம், சொன்னார்: ரோடு காலியாத்தான் கெடந்துச்சாம்ப்பா, ஒரு வண்டி குறுக்க வரல, நேராப் போய் மோதிருக்கான், பய மனசுல என்ன இருந்துச்சோ. அந்த வார்த்தை என் காதுக்குள் போனது போனதுதான், வெளியே வரவேயில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அவன் குரலை மறுபடி கேட்கலாம் என்று வாட்ஸ்அப்பைத் துழாவிக்கொண்டிருந்தேன். அவன் படம் இருக்கிற பக்கத்துக்குப் போனேன். நம்மைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்கிற இடம் ஒன்று இருக்கிறதே, அங்கே போனின் குரல், அறிமுகம், என்றது. நிசப்தம். அப்புறம், செப்டம்பர் பதினேழு, என்றது. அவன் சாவதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால், வேஷம் கட்டின எழுத்தில், அவன் என்னவோ எழுதியிருக்கிறான். ஊருக்கெல்லாம் தெரிகிற இடத்தில். எனக்கு மட்டும் சுவர்.

சகாயத்திடம் கேட்டேன். போனை வாங்கிப் பார்த்தான். ஒண்ணும் இல்லக்கா, பிஸின்னு போட்ருக்கான் என்றான். ஒரு வாரம் கழித்து நூர்ஜஹான் மேடத்திடம் கேட்டேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டார், பிளாஸ்டிக் கூட்டின் சத்தம் கேட்டது, அப்புறம் வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. ஏதோ பாட்டு வரிம்மா தமயந்தி, காதல் பாட்டு போல, எனக்கு இந்த எழுத்து சரியா வெளங்கல என்றார். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். பதினெட்டு வருஷம் ஆபீஸ் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவளிடம் பொய் சொல்கிறார்கள். மேனேஜர் சீட்டில் இல்லை என்று நானே ஒரு நாளைக்கு நாற்பது பொய் சொல்கிறேன், பொய்க்கு முன்னால் மூச்சு எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியாதா. சொல்லப்போகிறவர்கள் கொஞ்சம் பேசிவைத்துக்கொண்டாவது வந்திருக்கலாம், ஒருத்தருக்கு பிஸி, இன்னொருத்தருக்குக் காதல் பாட்டு. அப்படி என்ன எழுதியிருக்கிறான், வாய் கூசுகிற அளவுக்கு. கெட்ட வார்த்தை என்றால் சகாயம் சிரித்திருப்பான். அப்படியென்றால். அந்த இடத்தில் என் யோசனை ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்ளும், முள்ளில் முந்தானை மாட்டுவது போல. போறேன் என்று எழுதியிருந்தால். அக்கா என்னைக் கேளேன் என்று எழுதியிருந்தால். மூன்று வாரம் அது அங்கே கத்திக்கொண்டிருந்து, நான் தினமும் அவனோடு ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்திருந்தால்.

பழங்காநத்தம். பஸ் வளைகிறது, பரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம். இங்கேதான் நின்றேன். அன்றைக்கு நல்ல மழை, தண்ணீர் தேங்கிவிட்டது, பஸ் இதற்கு மேல் போகாது என்று எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். ஒரு மருந்துக்கடை ஓரத்தில் நின்றுகொண்டு அவனுக்குப் போன் பண்ணினேன். மணி ஆறு நாற்பது. குரல் சொன்னது, ஆறு நாற்பது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜெகா, பஸ் நின்னுபோச்சு, வந்து கூட்டிட்டுப் போடா. அவன் உடனே பதில் சொல்லவில்லை. அவன் பக்கமும் மழைச் சத்தம் கேட்டது. ஆட்டோ எதுவும் இல்லையாக்கா என்றான். இந்த மழைல எவன்டா வருவான், உனக்கு வர முடியாதுன்னா சொல்லு என்றேன். கொஞ்சம் சுள்ளென்றுதான் சொன்னேன். கால் நனைந்து, செருப்பு அறுந்து, எரிச்சலில் இருந்தேன். மறுபடி ஒரு இடைவெளி. சேச்சே, அங்கனயே நில்லுக்கா, நான் வந்துர்றேன் என்றான். அங்கனயே நின்றேன். மருந்துக்கடைக்காரர் ஸ்டூல் போட்டார், உட்காரவில்லை. அவன் வந்தால் தூரத்திலிருந்தே நான் அவன் கண்ணில் பட வேண்டுமே என்று நின்றேன். எட்டேகாலுக்குப் போன் வந்தது. சகாயம் அழைக்கிறார் என்றது குரல். கீரைக்கட்டு அம்மாள் எழுந்துவிட்டாள். போகும்போது என் தோளைத் தொட்டு, ஏத்தா, எங்க எறங்கணும், சொல்லிவிடட்டா என்று கேட்டாள். வேண்டாம்மா, தெரியும் என்றேன். பாவம், நல்ல மனுஷி. இப்போது பக்கத்தில் யாரும் இல்லை. இனிச் சாக்கும் இல்லை.

திருச்சியிலிருந்து சேவியர் என்று ஒருத்தர், எங்களைப் போன்றவர்கள் குரல் பதிவு போட்டுப் பேசிக்கொள்கிற குரூப்பில் இருக்கிறார், அவர்தான் வழி சொன்னார். அது ஃபாண்ட்டு இல்லீங்க தமயந்தி, கணக்குப் பாடத்துக்காக வச்ச குறிகள் அது, பார்க்க மட்டும் எழுத்து மாதிரி இருக்கும், அதைக் காப்பி பண்ணி ஒரு சைட்டுல போட்டீங்கன்னா சாதா எழுத்தா கழட்டிக் குடுத்துரும், வேணும்னா எனக்கு அனுப்புங்க, நான் பண்ணித் தர்றேன். அனுப்பவில்லை. இன்னொருத்தர் மூச்சை நிறுத்திவிட்டு என்னிடம் பிஸி என்று சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. நானே செய்தேன். செய்வதற்கு முன் அந்தச் சுவர்மேல் ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்திப் பார்த்தேன். வாசிக்காது, ஆனால் எழுத்துக்கு ஒரு டிக் சத்தம் வரும். டிக், டிக், டிக். எண்பத்து மூன்று வந்தது. பிஸி என்பதற்கு எண்பத்து மூன்று எழுத்து ஆகாது, சகாயம்.

பைக்காரா தாண்டியாயிற்று. போனைக் கையில் எடுத்து வைத்திருக்கிறேன். காதில் இயர்போன் மாட்டியிருக்கிறேன். விரல் மட்டும் அந்தரத்தில். யோசித்துப் பார்த்தால் அந்தக் கடைசி ஒன்றிரண்டு மாதம் அவன் என்னோடு சரியாகவே பேசவில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் டீக்கடைக்குப் போய் வடை வாங்கிக்கொண்டு வருவான், அதை நிறுத்திவிட்டான். ஆறு மணி ஆனால் வீட்டுக்குள்தான். அம்மா சந்தோஷப்பட்டாள், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது, சேர்க்கையெல்லாம் குறைந்துவிட்டது என்று. கரண்ட் போன ஒரு நாள் அவன் குடத்தில் மோதிக் குடம் உருண்டது. என்னடா, எனக்குப் போட்டியா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது, அதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. ராத்திரி பாத்ரூமுக்குப் போகிற சத்தம். வீட்டில் மூன்று பேர் நடை எனக்குத் தெரியும். அம்மா காலைத் தேய்த்து நடப்பாள். அவன் குதிகாலை ஊன்றி நடப்பான். அந்த நாட்களில் குதிகால் சத்தத்தோடு இன்னொரு சத்தம் சேர்ந்து வந்தது, உள்ளங்கை சுவரில் உரசுகிற சத்தம். சுண்ணாம்பில் கை உரசினால் அப்படித்தான் வரும், அது என் சத்தம், இருபது வருஷமாக அந்த வீட்டில் என் கை போட்ட சத்தம். படுத்துக்கொண்டே கேட்டேன். தூக்கக் கலக்கத்தில் இருக்கிறான் போல என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இல்லை, அது தூக்கக் கலக்கம்தான். வேறு என்னவாக இருக்கும். அவனுக்கு எட்டு வயதிலேயே டெஸ்ட் எடுத்துப் பார்த்தாயிற்று.

எனக்குப் பதினொரு வயதில் ஆரம்பித்தது. பகலில் நன்றாகப் பார்ப்பேன், பொழுது சாய்ந்தால் தட்டுத்தடுமாறுவேன். மாலைக்கண் என்று ஈரலும் கேரட்டும் கொடுத்தார்கள். அப்புறம் பார்வை பக்கவாட்டிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இருபதில் சாவித் துவாரம் அளவாகி, இருபத்து மூன்றில் அதுவும் அடைந்துவிட்டது. டாக்டர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, சொந்தத்துல கல்யாணமா. அம்மாவைத் தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அடுத்து ஒரு பிள்ளை இருக்குல்ல, அதையும் கூட்டிட்டு வாங்க என்றார் டாக்டர். இவனுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்றைக்கு அம்மா அழுத அழுகை, எனக்காக அழுததைவிடப் பெரிது, எனக்குக் கோபம்கூட வந்தது. மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்தினாள். மூத்தவ கண்ணை எடுத்துக்கிட்டே, போகட்டும், இவன் கண்ணை விட்டுரு ஆத்தா. வருஷா வருஷம் போய்ப் பொங்கல் வைத்தாள். போன மாதம்கூட, பிள்ளை போன வருத்தத்தில், அம்மா சொன்னாள்: ஆத்தா குடுத்த வாக்கைக் காப்பாத்திட்டா, அவன் போறப்ப கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு இருந்துச்சுடி. அவளுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அவனுடைய கண்.

பசுமலை. சர்ச்சு மணி இல்லை, ஆனால் பஸ் கியர் மாற்றிக்கொண்டு இறங்குகிறது, வயிறு முன்னால் போகிறது, இந்த இறக்கம்தான். இந்த இடத்தில் தினமும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இன்றைக்குப் பிடிக்க மறந்து விரலால் தட்டிவிட்டேன். தட்டினேனா, பஸ் குலுங்கியதில் பட்டதா தெரியவில்லை. குரல் வாயைத் திறந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் அந்தக் குரல் வெள்ளைக்காரன் போலக் கடித்துத் துப்பும். ஆரு மேனிக்கு மெலா யாரும் கூப்டதீங்கா, என்றது. நைட் கன்னு தெர்யலா, என்றது. அக்காக்கு தெர்யா வெனாம் ப்லீஸ், என்றது. முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி தட்டினேன். மறுபடி அதேபோல், பாவ புண்ணியம் தெரியாத குரலில், மூச்சுக்கூட நிறுத்தாமல். மூன்றாவது தடவைதான் அதற்குள் அவன் குரல் வந்தது. ஆறு மணிக்கு மேல யாரும் கூப்பிடாதீங்க. நைட் கண்ணு தெரியல. அக்காக்குத் தெரிய வேணாம், ப்ளீஸ்.

கடைப் பையன்கள் ராத்திரி பேனர் கட்டக் கூப்பிடுவார்கள், கஸ்டமர் கூப்பிடுவார்கள், ஒவ்வொருத்தரிடமும் விளக்கம் சொல்ல முடியாமல் ஊருக்கெல்லாம் தெரிகிற இடத்தில் எழுதிப் போட்டிருக்கிறான். எழுதும்போது, இந்த உலகத்தில் ஒருத்தி மட்டும் இதைக் கேட்கக் கூடாது என்று, அவளுடைய போன் எந்த எழுத்தை வாசிக்காது என்று தெரிந்து, அந்த எழுத்தை எடுத்திருக்கிறான். நான் பயந்த மாதிரி அவன் போகிறேன் என்று எழுதவில்லை. அவன் சாகப் போகவில்லை. நேராகப் போய் மோதினான் என்றாரே, நேராகத்தான் போயிருப்பான், தடுப்பு இருப்பது தெரிந்தால்தானே விலகுவதற்கு. மழை, எதிரே லைட்டு, பொழுது சாய்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, கறுப்புத் தண்ணீருக்குள் நடப்பது மாதிரி இருக்கும். அதில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஆட்டோ இல்லையாக்கா என்று கேட்டான். உனக்கு வர முடியாதுன்னா சொல்லு என்றேன். சொல்லியிருந்தால் ஏன் என்று நான் கேட்டிருப்பேன், என்னிடம் பொய் சொன்னால் மூச்சிலேயே பிடித்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். ஊரில் ஒருவரும் ஆறு மணிக்கு மேல் அவனைக் கூப்பிடவில்லை. எல்லாரும் படித்திருந்தார்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஆறு நாற்பதுக்குக் கூப்பிட்டது நான். மூலக்கரை ஸ்டாப் எப்போது வந்தது, எப்போது போனது, எனக்குத் தெரியாது. அழுகிறேனா என்று தொட்டுப் பார்த்தேன். கன்னம் நனைந்திருந்தது. முன் சீட்டில் யாரோ, பாட்டி போலிருக்கிறது, ஜன்னலைச் சாத்தும்மா, கண்ணுல தூசி விழுது போல என்றார். சாத்தினேன்.

திருநகர் ரெண்டாவது ஸ்டாப்பெல்லாம் எறங்கு, என்றார் கண்டக்டர். கிளம்பும்போதே சொல்லியிருந்தேன், தினமும் போல சகாயம் நின்றான். ஜெகா போனதிலிருந்து அவன்தான் வந்து வண்டியில் கூட்டிப் போகிறான், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. சாவிக்கொத்தை விரலில் சுற்றுகிற சத்தத்தை வைத்து அவன் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். இங்கிட்டு வாக்கா, இன்னைக்கு வெள்ளனாவே வந்துட்டியே என்றான். எனக்கு வாயில் ஆயிரம் இருந்தது. எப்போதிலிருந்துடா தெரியும். டாக்டரிடம் போனானா. என்னிடம் சொன்னால் நான் என்ன கடித்தா தின்றிருப்பேன். கேட்டது வேறு.

“சகாயம், மணி என்ன?”

“ஆறாகப் போகுதுக்கா.”

“அப்ப சரி. ஆறு மணிக்கு மேல யாரையும் கூப்பிடக் கூடாதுல்ல.”

சாவிக்கொத்து நின்றுவிட்டது. பஸ் கிளம்பிப் போனது, இன்னொரு பஸ் வந்தது, அதுவும் போனது. அவன் அக்கா என்று ஆரம்பித்தான். மூக்கை உறிஞ்சினான். “அவன்தான்க்கா... சத்தியம் வாங்கிருந்தான்க்கா” என்றான். எனக்குத் தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினேன். கையை நீட்டி அவன் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். வீட்டில் அம்மா விளக்கு ஏற்றிவைத்துவிட்டு எனக்காகக் காத்திருப்பாள். தை பிறந்ததும் அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும், நேர்த்திக்கடனை இந்த வருஷமும் விடக்கூடாது என்று காலையில்தான் சொன்னாள்.

“சகாயம்” என்றேன். “அம்மாவுக்குத் தெரிய வேணாம்.”